சரணாலயம் யாருக்கு? தெல்லிப்பழையிலிருந்து சுண்டிக்குளம் வரை

மாரி முடிந்து விடுமுறை தொடங்கும்போது, "பிள்ளைகளை எங்கே கூட்டிக்கொண்டு போகலாம்?" என்று கேட்கும் உறவுகளுக்காக இந்தப் பதிவு. பதில் ஒரு சொல்தான்: சுண்டிக்குளம். போகும் வழியைக் கடைசியில் சொல்கிறோம். அந்த இடத்தின் வரலாறு கொஞ்சம் நீளம். ஆறுதலாக இருந்து வாசியுங்கள்.

தெல்லிப்பழையில் பிள்ளைகளுக்கு வரலாறு படிப்பிக்கும் எங்களுக்கு, பறவை பார்ப்பது பாடத்துக்கு வெளியே உள்ள பொழுதுபோக்கு அல்ல. "சரணாலயம்" என்ற சொல்லையே முதலில் பிள்ளைகளிடம் கொடுத்துப் பிரிக்கச் சொல்கிறோம். சரண் என்றால் அடைக்கலம். ஆலயம் என்றால் இருப்பிடம். அடைக்கலம் தேடி வந்த உயிருக்கு ஆபத்தில்லாத இடம். இந்தச் சொல்லின் பொருளை வடமாகாணத்துப் பிள்ளைகளுக்கு விளக்க அகராதி தேவையில்லை. அவர்களுடைய வீட்டிலேயே அந்தக் கதை இருக்கிறது.

சுடுவதற்காக ஒதுக்கிய காடு

காட்டுயிரைக் காக்க ஓர் எல்லை போடுவது பழைய வழக்கம். மிகிந்தலையில் மான் வேட்டைக்குப் போன தேவநம்பிய தீசன் மகிந்த தேரரைச் சந்தித்தான் என்று மகாவம்சம் சொல்கிறது. வேட்டை நடந்த அந்த மலைச்சாரல் பிறகு உயிர் கொல்லாத இடமாயிற்று. மக்காவிலும் மதீனாவிலும் ஹரம் எல்லைக்குள் வேட்டையாடுவதும் மரம் தறிப்பதும் விலக்கப்பட்டவை. இரண்டு மரபுகளுமே ஒரே பாடத்தைத்தான் சொல்கின்றன. இந்தக் கோட்டுக்குள் மனிதனின் பலம் செல்லாது.

ஆனால் இன்று நாம் நுழைவுச்சீட்டு எடுத்துப் போகும் தேசியப் பூங்காக்கள் அந்த மரபிலிருந்து நேராக வந்தவை அல்ல. அவை வேட்டைக்காரரின் கணக்கிலிருந்து வந்தவை.

ஆனையிறவு என்ற பெயரையே பாருங்கள். வன்னிக் காடுகளில் பிடித்த யானைகளைக் குடாநாட்டுக்குள் கொண்டுவந்த வழி அது. ஒல்லாந்தர் காலத்தில் யாழ்ப்பாணத்தில் யானைகள் ஏலத்தில் விற்கப்பட்டன. இந்தியாவிலிருந்து வந்த வணிகர்கள், முஸ்லிம் வணிகர்கள் உட்பட, அவற்றை வாங்கிக் கப்பலேற்றினார்கள். ஊர்காவற்றுறையை ஆங்கிலத்தில் "கேய்ட்ஸ்" என்கிறார்களே, அது யானைத்துறை என்று பொருள்படும் போர்த்துக்கேயப் பெயரிலிருந்து வந்தது.

ஆங்கிலேயர் காலத்தில் யானை விற்பனைப் பொருள் என்ற நிலையும் போய், கொல்ல வேண்டிய தொல்லை ஆனது. ஒரு யானையைக் கொன்றால் சில சிலிங் சன்மானம். 1848க்கு முந்திய மூன்று ஆண்டுகளுக்கும் குறைந்த காலத்தில் வடமாகாணத்தின் ஒரு பகுதியில் மட்டும் 3,500 யானைகள் கொல்லப்பட்டதாக எமர்சன் டெனன்ட் எழுதிவைத்திருக்கிறார். அவர் இலங்கையின் குடியேற்றச் செயலாளராக இருந்தவர். சன்மானம் கொடுத்த அரசாங்கத்தின் ஆள் எழுதிய கணக்கு இது.

சுட்டுச்சுட்டு மிருகம் குறைந்தபோதுதான் சட்டம் வந்தது. 1872இல் வேட்டை விலங்குகளை வீணாக அழிப்பதற்கு எதிரான முதலாவது சட்டம். 1900இல் யால, வேட்டைக்காரருக்கென்று ஒதுக்கப்பட்ட காடு. 1905இல் வில்பத்து சரணாலயம். மிருகம் இல்லாவிட்டால் வேட்டையும் இல்லை என்பதுதான் ஆரம்பத்துக் கவலை. துவக்கை வீட்டில் வைத்துவிட்டுப் பார்ப்பதற்காக மட்டும் காட்டுக்குப் போகும் பழக்கம் மெதுவாகத்தான் வேரூன்றியது. 1937ஆம் ஆண்டின் 2ஆம் இலக்க விலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் அந்த மாற்றத்துக்கு ஒரு சட்ட உருவம் கொடுத்தது. 1938இல் யாலவும் வில்பத்துவும் தேசியப் பூங்காக்கள் ஆயின. அதே 1938இல், குடாநாட்டின் தென்கிழக்கு மூலையில், அதிகம் பேர் கேள்விப்படாத ஒரு களப்பும் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. அதுதான் சுண்டிக்குளம்.

ஆறும் கடலும் சந்திக்கும் இடம்

குடாநாட்டில் ஆறு இல்லை என்று சின்ன வகுப்பில் படித்திருப்போம். ஆனால் வன்னியிலிருந்து வரும் கனகராயன் ஆற்றின் தண்ணீர் ஆனையிறவுக் கடனீரேரிக்குள் இறங்கி, கிழக்கே சுண்டிக்குளத்தில் கடலைச் சேர்கிறது. மாரியில் நன்னீர் நிறையும். கோடையில் வற்றி உப்புப் படியும். இடையில் மணல் திட்டு கடல்வாயை அடைத்துக்கொள்ளும். இந்தத் தண்ணீரைக் கடலில் விடாமல் மறித்து யாழ்ப்பாணத்துக்கு நன்னீர் தரலாம் என்று 1950களில் பொறியியலாளர் ஆறுமுகம் "யாழ்ப்பாணத்துக்கு ஓர் ஆறு" திட்டத்தை முன்வைத்தார். சுண்டிக்குளத்தில் அணையும் கட்டப்பட்டது. திட்டம் முழுமையடையவில்லை. இன்றைக்கும் தேர்தல் காலத்தில் அந்தப் பெயர் காதில் விழும்.

உப்பும் நன்னீரும் மாறிமாறி வருவதுதான் பறவைகளுக்கு வாய்ப்பு. ஆழமில்லாத தண்ணீர், சேறு, கடற்புல், கண்டல், பின்னால் பனங்கூடலும் பற்றைக்காடும். வடக்கிலிருந்து வலசை வரும் பறவை பாக்குநீரிணையைக் கடந்ததும் இறங்கி இரை தேடத் தோதான முதல் நிலங்களில் இதுவும் ஒன்று. ஊசிவால் வாத்தும் கிளுவையும் கூட்டமாக மிதக்கும். கோட்டான் நீண்டு வளைந்த அலகைச் சேற்றுக்குள் விட்டு இரை தேடும். நெடுங்கால் உள்ளான், கரண்டிவாயன், மஞ்சள்மூக்கு நாரை, நத்தைகுத்தி நாரை, ஆலாக்கள், மேலே வெண்வயிற்றுக் கடற்கழுகு. நல்ல பருவமானால் தூரத்தில் இளஞ்சிவப்புக் கோடு போலப் பூநாரைகள். தண்ணீரில் முதலை உண்டு. காட்டுப் பக்கத்தில் மானும் கரடியும் சிறுத்தையும் இருப்பதாகப் பதிவுகள் உண்டு.

இந்தப் பறவைகளில் பல மத்திய ஆசியாவிலும் சைபீரியாவிலும் கோடையைக் கழித்துவிட்டு வருபவை. அண்மைய ஆண்டுகளில் கொழும்புப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மன்னாரில் கடற்காக்கைகளுக்கு ஜீபிஎஸ் கருவி பொருத்தி, அவை ஆர்க்டிக் பிரதேசம் வரை போய்த் திரும்பியதைக் கண்டார்கள். எத்தனை நாடு, எத்தனை எல்லை! எந்தக் காவலரணிலும் அடையாள அட்டை காட்டாத பயணம்.

1990

சுண்டிக்குளத்தின் கதையில் இந்த ஆண்டைத் தாண்டிப் போக எங்களால் முடியாது.

1990 ஜூன் மாதம் போர் மறுபடியும் மூண்டது. தெல்லிப்பழையும் காங்கேசன்துறையும் மயிலிட்டியும் பலாலியும் உள்ளிட்ட வலிகாமம் வடக்கு மக்கள் குண்டுவீச்சுக்கும் ஷெல்லுக்கும் நடுவே வீடுகளை விட்டு ஓடினார்கள். சில நாளில் திரும்பலாம் என்று சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு போனவர்கள் பலர். அந்த ஊர்கள் பிறகு உயர் பாதுகாப்பு வலயம் ஆயின.

அதே ஆண்டு ஒக்டோபர் கடைசியில் விடுதலைப் புலிகள் வடமாகாண முஸ்லிம்கள் அனைவரையும் வெளியேற்றினார்கள். யாழ்ப்பாண நகரில் அது ஒக்டோபர் 30. கொடுத்த அவகாசம் இரண்டு மணித்தியாலம். நகையும் காசும் பறிக்கப்பட்டு, உடுத்த உடுப்போடு போனவர்கள் புத்தளத்து முகாம்களில் ஓலைக் கொட்டில்களில் ஒதுங்கினார்கள். ஐந்து மாவட்டங்களிலும் சேர்த்து எழுபதாயிரத்துக்கு மேற்பட்டோர்.

எங்களில் சிலர் அந்த ஒக்டோபரில் போன குடும்பங்களின் பிள்ளைகள். எங்கள் வகுப்பில் இருப்பவர்கள் அந்த ஜூனில் ஓடிய குடும்பங்களின் பேரப்பிள்ளைகள். ஒரே ஆண்டு, நாலு மாத இடைவெளி. துரத்தியவர் வேறு, காரணம் வேறு. ஆனால் முகாமில் கூப்பன் அரிசிக்கு வரிசையில் நின்ற நேரமும், பூட்டிய வீட்டின் சாவியும் ஒரே மாதிரியானவை. இதை ஒரே வகுப்பறையில் இருந்து கதைக்க முடிவதே பெரிய விஷயம் என்று நினைக்கிறோம்.

சுண்டிக்குளமும் போரிலிருந்து தப்பவில்லை. 1991இல் ஆனையிறவு முகாமை மீட்க இராணுவம் கடல்வழியாக வெற்றிலைக்கேணியில் இறங்கியது. 2000ஆம் ஆண்டு புலிகள் அதே கிழக்குக் கரையில் குடாரப்பில் தரையிறங்கினார்கள். அடுத்த மாதம் ஆனையிறவு வீழ்ந்தது. 2004 டிசம்பர் 26இல் சுனாமி இந்தக் கரையைத் துடைத்துக்கொண்டு போனது. 2009 ஜனவரியில் இராணுவம் சுண்டிக்குளத்தைக் கைப்பற்றியது. வர்த்தமானியில் அது அத்தனை ஆண்டும் "சரணாலயம்" என்றே இருந்தது. உள்ளே இருந்தவர்களுக்கு அடைக்கலமாக இருக்கவில்லை.

பறவை பார்க்கப் போனவர்களையும் போர் விடவில்லை. வில்பத்துவில் 1985இல் வனசீவராசிகள் திணைக்கள ஊழியர்கள் கொல்லப்பட்டு, பூங்கா மூடப்பட்டது. 2003இல் சமாதானம் வந்ததாக நம்பித் திறந்தார்கள். 2006 மே மாதம் அங்கே கண்ணிவெடியில் சிக்கி இறந்தவர்களில் எழுத்தாளர் நிஹால் டி சில்வாவும் ஒருவர். ஓர் இராணுவ அதிகாரியும் ஒரு புலிப் பெண்ணும் ஆனையிறவுப் பக்கமிருந்து வில்பத்துக் காட்டினூடாகத் தப்பிப் போகும் கதையை நாவலாக எழுதி, 2003ஆம் ஆண்டுக்கான கிரேஷன் பரிசைப் பெற்றவர் அவர். அந்தக் கதையில் இரண்டு எதிரிகளையும் முதலில் பேசவைப்பது பறவைகள் மீதான ஆர்வம். அவர் எழுதிய காட்டிலேயே அவர் உயிர் போனது. பூங்கா மறுபடியும் மூடப்பட்டு 2010இல்தான் திறந்தது.

வேலிக்குள் வளர்ந்த காடு

இனி எங்கள் ஊரைப் பாருங்கள். 2013இல் வலிகாமம் வடக்கில் 6,381 ஏக்கரைச் சுவீகரிப்பதாக அறிவித்தல் ஒட்டினார்கள். மக்கள் வழக்குக்குப் போனார்கள், வீதியில் நின்றார்கள். பிறகு துண்டு துண்டாகக் காணிகள் விடுபட்டன. இன்னும் முழுவதும் விடுபடவில்லை.

திரும்பிப் போனவர்கள் கண்டது ஊரை அல்ல, காட்டை. குசினிக்குள் ஆலமரம். கிணற்றுக்குள் பற்றை. எல்லைக்கல் தெரியாத அளவுக்கு வடலியும் நாயுண்ணியும். மயில் அகவுகிறது, பாம்பு படுத்திருக்கிறது, உடும்பு ஓடுகிறது. ஒரு தலைமுறைக் காலம் மனிதர் நுழையாத நிலம் தானாகக் காடாகிவிட்டது.

பறவை பார்க்கும் கண்ணுக்கு அது அழகு. காணி உறுதியைப் பொலித்தீனில் சுற்றி வைத்திருந்தவர்களுக்கு அது முப்பது வருட இழப்பு. இரண்டும் உண்மை. ஒன்றைச் சொல்லி மற்றதை மறைத்தால் நாங்கள் வரலாற்று ஆசிரியர்களாக இருக்கத் தகுதியில்லை.

ஒரு சொல் மாறினால் என்ன ஆகும்?

2015 ஜூன் மாதம் சுண்டிக்குளம் சரணாலயம் தேசியப் பூங்காவாகத் தரமுயர்ந்தது. நெடுந்தீவு, மடு வீதி, ஆதாம் பாலம் ஆகியவையும் அந்த ஆண்டிலேயே பூங்காக்கள் ஆயின. சுண்டிக்குளத்தின் பரப்பு 11,149 ஹெக்டேயரிலிருந்து 19,565 ஹெக்டேயரானது. செய்தியைக் கேட்டு நாங்களும் மகிழ்ந்தோம். மகிழ்ச்சியோடு சட்டத்தையும் படிக்க வேண்டும்.

இலங்கைச் சட்டப்படி, சரணாலயத்துக்குள் போக அனுமதிச்சீட்டு வேண்டாம். அதன் எல்லைக்குள் தனியார் காணியும் இருக்கலாம். மக்கள் காலங்காலமாகச் செய்துவரும் தொழிலுக்கும் இடமுண்டு. தேசியப் பூங்கா அப்படியல்ல. அது அரச காணி. காட்டுயிரைப் பார்க்கவும் படிக்கவும் மட்டும், அனுமதியோடு நுழையலாம். சரணாலயத்தில் மனிதன் பறவையின் அயலவன். தேசியப் பூங்காவில் அவன் விருந்தாளி.

வெளியிலிருந்து போகும் எங்களுக்கு விருந்தாளியாக இருப்பதில் நட்டமில்லை. சீட்டை எடுத்தோம், பார்த்தோம், வந்தோம். ஆனால் களப்பில் இறால் பிடித்தவனுக்கும், கரையில் வாடி போட்டவனுக்கும், போரில் மூன்று தரம் இடம்பெயர்ந்து வந்து குடிசை கட்டியவனுக்கும் அந்த ஒரு சொல் வாழ்க்கை. எல்லைக்கல் எங்கே விழுகிறது என்பது அவனுடைய அடுப்பில் தெரியும்.

இதே கேள்வி வில்பத்துவுக்கு வடக்கே பெரும் பிரச்சினையாக வெடித்தது. மறிச்சுக்கட்டி, பாலைக்குழி, கரடிக்குழி ஆகிய முசலிப் பிரதேசக் கிராமங்களின் முஸ்லிம்களும் 1990இல் துரத்தப்பட்டவர்கள். அவர்கள் இல்லாத இருபது வருடத்தில் ஊர் காடானது, எங்கள் வலிகாமம் போலவே. 2012இல் அந்தப் பக்கத்து நிலங்கள் வர்த்தமானி மூலம் ஒதுக்கக் காடாயின. திரும்பி வந்து பற்றை வெட்டியவர்கள் "வில்பத்துவை அழிப்பவர்கள்" என்று தொலைக்காட்சியில் காட்டப்பட்டார்கள். 2017 மார்ச் மாதம் மாவில்லு பேணற்காடு அறிவிக்கப்பட்டது.

இதில் நாங்கள் எங்கள் ஆட்கள் என்பதற்காக ஒரு பக்கத்தை மட்டும் சொல்லப்போவதில்லை. மீள்குடியேற்றம் என்ற பெயரில் கல்லாறுப் பகுதியில் ஒதுக்கக் காடு சட்டவிரோதமாக வெட்டப்பட்டது என்று 2020 நவம்பரில் மேன்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. முன்னாள் அமைச்சர் ரிஷாட் பதியுதீன் தன் செலவில் மரம் நடவேண்டும் என்றும் உத்தரவிட்டது. காட்டை வெட்டியது தவறென்றால் தவறுதான். ஹரத்தின் மரத்தைத் தொடாதே என்று படித்த சமூகம் அதை முதலில் சொல்ல வேண்டும். அதேவேளை, ஒரு ஊரின் ஆட்களைத் துரத்திவிட்டு, அவர்கள் இல்லாத நேரத்தில் வளர்ந்த மரத்தைக் காட்டி "இங்கே ஊரே இருக்கவில்லை" என்று சொல்வதும் நீதியாகாது. பழைய பள்ளிவாசலின் சுவரும் கிணறும் மையவாடியும் சாட்சி சொல்லும்.

தெல்லிப்பழைப் பிள்ளைகளிடம் இதைச் சொன்னால் உடனே விளங்குகிறது. "சேர், எங்கட வளவும் பற்றையாத்தான் கிடந்தது. அதுக்காக அது காடோ?" என்று ஒரு பிள்ளை கேட்டது. முசலியில் இருக்கும் ஒரு முஸ்லிம் பிள்ளையின் நியாயத்தை, அவளைக் கண்டிராத ஒரு தெல்லிப்பழைப் பிள்ளை ஒரு வரியில் சொல்லிவிட்டது. பறவைச் சரணாலயம் பற்றிய பாடத்தில் நாங்கள் எதிர்பார்க்காத பலன் இது.

காடு வேண்டாம் என்று யாரும் இதை வாசித்துவிடக் கூடாது. கண்டல் அழிந்தால் இறாலும் மீனும் போகும். களப்பை மண் போட்டு நிரப்பினால் மாரி வெள்ளம் வீட்டுக்குள் வரும். ஆர்க்டிக்கிலிருந்து வரும் பறவைக்கு இறங்க இடமில்லாமல் போனால் அது நம்முடைய கைக்குற்றம். கேட்பதெல்லாம், எல்லைக்கல் போடுமுன் அந்த ஊரில் இருந்தவர்களை, இப்போது இல்லாதவர்களையும் சேர்த்து, கூப்பிட்டுக் கேளுங்கள் என்பதுதான். தன்னுடைய ஊரைக் காப்பதாக நினைப்பவன் பறவையையும் காப்பான். தன்னைத் துரத்தும் வேலியாக நினைப்பவன் இருட்டில் வந்து கம்பியை வெட்டுவான்.

போகிறவர்களுக்கு

ஒக்டோபர் முதல் மார்ச் வரை நல்ல காலம். தெல்லிப்பழையிலிருந்து சுபஹுக்குப் பிறகே புறப்பட்டுவிடுங்கள். வெயில் ஏறினால் கானல் நீரில் பறவை தெளிவாகத் தெரியாது. ஏ9 வீதியில் இயக்கச்சி வரை போய், கிழக்கே கட்டைக்காட்டுப் பக்கம் திரும்பிக் கரையோரமாகத் தெற்கே போக வேண்டும். வழியில் கடை குறைவு. தண்ணீரும் சாப்பாடும் கையோடு கொண்டுபோங்கள், கொண்டுபோன போத்தலையும் பையையும் திரும்பக் கொண்டுவாருங்கள்.

தொலைநோக்கி ஒன்று இருந்தால் பத்துப் பிள்ளைகளுக்குப் போதும். கூட்டத்தைக் கிளப்பிப் படம் எடுக்கத் தண்ணீருக்குள் ஓடாதீர்கள். பல்லாயிரம் கிலோமீற்றர் பறந்து களைத்த பறவைக்கு ஒவ்வொரு எழும்பலும் நட்டம். பாட்டுப் பெட்டி வேண்டாம். முகமாலை கடந்து போகும்போது கண்ணிவெடி அகற்றும் இடங்களில் சிவப்புப் பலகையைக் கண்டிருப்பீர்கள். அப்படி எங்கே கண்டாலும் வீதியை விட்டு இறங்க வேண்டாம். பூங்காவின் அனுமதி நடைமுறையை வனசீவராசிகள் திணைக்கள அலுவலகத்தில் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

கடைசியாக ஒரு வீட்டுவேலை. எங்கள் பிள்ளைகளிடம் கொப்பியின் ஒரு பக்கத்தில் கண்ட பறவைகளின் பெயரை எழுதச் சொல்கிறோம். மறுபக்கத்தில் கண்ட மனிதர் ஒருவரிடம் மூன்று கேள்வி: இந்த இடத்துக்குப் பழைய பெயர் என்ன? நீங்கள் எப்போது இங்கிருந்து போனீர்கள்? எப்போது திரும்பி வந்தீர்கள்?

போன தடவை ஒரு பிள்ளையின் கொப்பியில் பறவைப் பக்கத்தில் பதினொரு பெயர் இருந்தது. மறுபக்கத்தில், கரையில் வலை பொத்திக்கொண்டிருந்த ஒரு ஐயா சொன்னதாக ஒரே ஒரு வரி: "நாங்களும் இந்தக் கொக்குகளைப் போலத்தான் தம்பி, போறதும் வாறதும். ஆனா அதுகளை ஒருத்தரும் பதிவு கேக்கிறதில்லை."

உங்கள் பிள்ளைகள் எழுதிக்கொண்டு வருவதையும் எங்களுக்குச் சொல்லுங்கள்.